பிஎஸ்3, பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ்ல ஓடுற மாதிரி வீடியோவுக்கு சப்டைட்டில் சேக்குறது எப்படி, அதுவும் தமிழ் எழுத்து உடையாம

கம்ப்யூட்டர்ல விஎல்சி ப்ளேயர்ல போட்டா சப்டைட்டில் அழகா வருது, அதே ஃபைலை பென்ட்ரைவ்ல ஏத்தி பிஎஸ்3ல சொருகுனா படம் மட்டும் ஓடுது, எழுத்து ஒண்ணையும் காணோம். உங்க ஃபைல்ல கோளாறு ஒண்ணும் இல்ல. விஎல்சி பக்கத்துல கிடக்குற எஸ்ஆர்டி ஃபைலை, அதாவது சப்டைட்டில் எழுத்து இருக்கிற ஃபைலை, தானா தேடி எடுத்துக்கும், பிஎஸ்3ம் எக்ஸ்பாக்ஸ் 360ம் அப்படி தேடவே தேடாது, அதுங்க வந்த காலத்துல அந்த வசதியே உள்ள வைக்கல. பிஎஸ்3க்கு எம்கேவிங்கிற வீடியோ ஃபைல் வகையே புரியாது, அப்புறம் அதுக்குள்ள இருக்கிற சப்டைட்டில் எங்க புரியப்போகுது.

அதனால மொதல்ல உங்ககிட்ட எந்த கன்சோல் இருக்குன்னு பாருங்க, வழி அதை பொறுத்து மாறும். எக்ஸ்பாக்ஸ் ஒன், சீரீஸ் எஸ், சீரீஸ் எக்ஸ் வச்சிருக்கீங்கன்னா உங்களுக்கு ரொம்ப சுலபம், ஸ்டோர்ல விஎல்சி ஃப்ரீயா கிடைக்குது, கீழ தனியா சொல்றேன். பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360, பிஎஸ்பி இதுக்கெல்லாம் ஒரே உருப்படியான வழி, எழுத்தை படத்தோட சேத்து பர்ன் பண்ணிடுறது தான். பிஎஸ்4க்கு 2015ல மீடியா ப்ளேயர்னு ஒரு ஆப் விட்டாங்க, அது எம்கேவி எல்லாம் ஓட்டும், ஆனாலும் சப்டைட்டில் கண்டிப்பா வரணும்னா அதுக்கும் பர்ன் பண்ணித்தான் வைப்பேன். பிஎஸ்5ல அந்த மீடியா ப்ளேயர் ஆப்பே கிடையாது, அங்க கம்ப்யூட்டர்லேர்ந்து நெட்வொர்க் வழியா படத்தை அனுப்புற ப்ளெக்ஸ் மாதிரி சர்வர் வழி தான்.

சாஃப்ட் சப், ஹார்ட் சப்னு ரெண்டு சொல்லுவாங்க. சாஃப்ட் சப்னா எழுத்து தனியா இருக்கும், வேணும்னா ஆன் பண்ணலாம், வேணாம்னா ஆஃப் பண்ணலாம், அதை திரையில வரையுற வேலை ப்ளேயரோடது. ஹார்ட் சப்னா எழுத்து படத்தோட ஒவ்வொரு ஃப்ரேம்லயும் பதிஞ்சு போயிடும், ஆஃப் பண்ண முடியாது, ஆனா வீடியோ ஓடுற எந்த மெஷின்லயும் எழுத்து வந்தே தீரும். ஹார்ட் சப்னாலே குவாலிட்டி போயிடும்னு நிறைய பேர் பயப்படுறாங்க. திரும்ப என்கோட் பண்றதால, அதாவது வீடியோவை புதுசா சுருக்கி பதியுறதால, கொஞ்சம் போகத்தான் செய்யும், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா யோசிச்சு பாருங்க, இப்ப வர்ற ஃபோன் வீடியோ பாதி ஹெச்இவிசிங்கிற புது சுருக்கு முறையில இருக்கு, பிஎஸ்3 பிஎஸ்4 மீடியா ப்ளேயர் ரெண்டும் அதை ஓட்டாது, எப்படியும் பழைய ஹெச்.264 முறைக்கு மாத்தியே ஆகணும், அந்த ஒரே மாத்தல்ல எழுத்தையும் சேத்துட்டா கூடுதல் நஷ்டம்னு ஒண்ணுமே இல்ல.

தமிழ் சப்டைட்டிலுக்கு ஹார்ட் சப் தான் சரின்னு நான் அடிச்சு சொல்றதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. இங்கிலீஷ் எழுத்துன்னா ஒண்ணு பின்னாடி ஒண்ணு வரிசையா வச்சா போதும். தமிழ்ல ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரம் எல்லாம் ஃபைலுக்குள்ள மெய்யெழுத்துக்கு அப்புறம் தான் பதிவாகி இருக்கும், திரையில வரையும்போது தான் முன்னாடி தூக்கி வைக்கணும், "கொ"ன்னா ரெண்டு பக்கமும் பிரிச்சு வைக்கணும். இந்த வேலை தெரியாத ப்ளேயர்ல கொம்பு தப்பான இடத்துல போய் நிக்கும், புள்ளி வட்டம் தெரியும், ஃபான்ட்டே இல்லன்னா வெறும் கட்டம் கட்டமா வரும். கம்ப்யூட்டர்லயே பர்ன் பண்ணும்போது இந்த எழுத்து கோக்குற வேலை அங்கயே முடிஞ்சிடுது, கன்சோலுக்கு போறது வெறும் படம் தான், அதுக்கு தமிழ் தெரியணும்னு அவசியமே இல்ல.

சரி வேலைக்கு வருவோம். ரெண்டு சாஃப்ட்வேர் போதும், ரெண்டும் ஃப்ரீ. சப்டைட்டில் ஃபைலை திருத்த சப்டைட்டில் எடிட், வீடியோவை மாத்த ஹேண்ட்ப்ரேக். நான் விண்டோஸை வச்சு சொல்றேன்.

மொதல்ல எஸ்ஆர்டி ஃபைலை சரி பண்ணணும். பாதி பிரச்சனை இங்க தான் இருக்கும், ஆனா எல்லாரும் நேரா என்கோட் பண்ண ஓடிடுறாங்க. எஸ்ஆர்டிங்கிறது சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் தான், நோட்பேட்ல திறந்தா ஒரு வரிசை எண், அதுக்கு கீழ 00:01:20,500 --> 00:01:23,000 மாதிரி நேரம், அதுக்கு கீழ வசனம், அப்புறம் ஒரு காலி வரி, இவ்ளோ தான். செகண்டுக்கு அப்புறம் வர்றது கமா, புள்ளி இல்ல, கையால டைப் பண்றவங்க இதை கவனிங்க. சேவ் பண்ணும்போது என்கோடிங் யூடிஎஃப்-8னு இருக்கணும், ஆன்சின்னு சேவ் பண்ணிட்டீங்கன்னா தமிழ் பூரா கேள்விக்குறியா மாறிடும், மாறுனதை திரும்ப கொண்டுவர முடியாது, அதனால ஒரு காப்பி எடுத்து வச்சிட்டு கை வைங்க.

சில பழைய சப்டைட்டில் ஃபைலை திறந்தா தமிழே தெரியாது, இங்கிலீஷ் எழுத்தும் குறியும் கலந்து கிறுக்குன மாதிரி இருக்கும். ஃபைல் கெட்டுப்போச்சுன்னு தூக்கி போட்டுடாதீங்க, அது பாமினி இல்லன்னா டிஸ்கி மாதிரி யூனிகோடுக்கு முந்தின முறையில அடிச்சதா இருக்கலாம். என்ஹெச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஒண்ணுல குடுத்தா யூனிகோடா மாத்திக்கலாம். இலங்கையில பாமினில அடிச்சு பழகுனவங்க நிறைய பேர், அவங்க போட்ட ஃபைல்ல இதை அடிக்கடி பாக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை, வசனத்தை மட்டும் மாத்துங்க, நேரம் இருக்கிற வரியையும் சேத்து மாத்துனா அதுல இருக்கிற குறிகளும் மாறிப்போய் ஃபைல் திறக்காம போயிடும்.

அடுத்து சிங்க், அதாவது வசனம் பேசுற நேரத்துலயே எழுத்தும் வர்றது. படத்தையும் எஸ்ஆர்டியையும் சப்டைட்டில் எடிட்ல திறந்து ஆரம்பத்துல ஒரு வசனம், கடைசில ஒரு வசனம், ரெண்டையும் ஓட்டி பாருங்க. ஆரம்பத்துலயும் கடைசிலயும் ஒரே அளவு தள்ளி இருந்தா சுலபம், மொத்த நேரத்தையும் தள்ளி வைக்கிற ஆப்ஷன் சிங்க்ரனைசேஷன் மெனுலயே இருக்கு. ஆரம்பத்துல சரியா இருந்து போக போக விலகிக்கிட்டே போகுதுன்னா ஃப்ரேம் ரேட், அதாவது செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம்ங்கிற கணக்கு, வேறன்னு அர்த்தம். 23.976 ஃப்ரேம் வீடியோவுக்கு போட்ட சப்டைட்டிலை 25 ஃப்ரேம் வீடியோவுக்கு வச்சா, ஒரு மணி நேரம் ஓடுறதுக்குள்ள கிட்டத்தட்ட ரெண்டரை நிமிஷம் விலகிடும். அதை தள்ளி தள்ளி சரி பண்ணவே முடியாது, அதே மெனுல ஃப்ரேம் ரேட் மாத்துற ஆப்ஷன்ல 23.976லேர்ந்து 25க்கு மாத்துங்க, ஒரே தட்டுல சரியாகிடும். ரேட்டே தெரியலன்னா பாயிண்ட் சிங்க் இருக்கு, ரெண்டு மூணு வசனத்துக்கு மட்டும் சரியான நேரத்தை காட்டிட்டா மிச்சத்தை அதுவே கணக்கு போட்டுக்கும்.

நீங்களே தமிழ்ல எழுதுறீங்கன்னா வரி நீளத்தை பாருங்க. தமிழ் வார்த்தை நீளம், இங்கிலீஷ்ல அரை வரில முடியுறது நமக்கு ஒண்ணரை வரி போகும். ரெண்டு வரிக்கு மேல போடாதீங்க, வசனத்தை சுருக்குங்க, அர்த்தம் வந்தா போதும். ஒரு செகண்டுக்கும் குறைவா வந்து போற எழுத்தை யாராலயும் படிக்க முடியாது, வயசானவங்க படிக்கணும்னா இன்னும் கொஞ்சம் நேரம் நிக்கணும். எங்க வீட்ல பெரியவங்களுக்கு காது மந்தம், சவுண்டு கூட்டி வச்சும் வசனம் பிடிபடாது, எழுத்து இருந்தா தான் முழு படமும் உக்காந்து பாக்குறாங்க. அதனால எழுத்து பெருசா, நிதானமா இருக்கிறதை நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறேன்.

இப்ப எழுத்தோட தோற்றம். எஸ்ஆர்டில ஃபான்ட்டுக்குன்னு ஒழுங்கான இடம் கிடையாது, அப்படியே பர்ன் பண்ணா சாஃப்ட்வேர் கையில கிடைச்ச ஃபான்ட்டை எடுத்துக்கும். அதனால சப்டைட்டில் எடிட்ல மேல ஃபார்மட்னு இருக்கிற இடத்துல அட்வான்ஸ்டு சப்ஸ்டேஷன் ஆல்ஃபான்னு மாத்துங்க, ஏஎஸ்எஸ்னு சொல்றது அதைத்தான். அப்புறம் ஃபைல் மெனுல அதுக்கான ப்ராப்பர்ட்டீஸ், ஸ்டைல்ஸ்னு ரெண்டு வரும். ப்ராப்பர்ட்டீஸ்ல ரெசல்யூஷனை 1920, 1080னு குடுங்க, இதை விட்டுட்டா எழுத்து அளவு கன்னாபின்னான்னு வரும், ஏன்னா அளவு எல்லாமே அந்த ரெசல்யூஷனை வச்சு தான் கணக்காகுது. ஸ்டைல்ஸ்ல ஃபான்ட்டை நிர்மலா யுஐன்னு வைங்க, விண்டோஸ் 8லேர்ந்து கூடவே வருது. இல்லன்னா கூகுளோட நோட்டோ சான்ஸ் தமிழ் இறக்கி இன்ஸ்டால் பண்ணிக்கலாம், எனக்கு அது தான் பிடிக்கும், டிவில தூரத்துலேர்ந்து பாக்க தெளிவா இருக்கு. அளவு 65லேர்ந்து 75க்குள்ள, வெள்ளை எழுத்து, கறுப்பு அவுட்லைன் 3. கீழ மார்ஜின் ஒரு 60 ஆவது விடுங்க, பழைய டிவி ஓரத்தை வெட்டிடும், வெட்டுனா கடைசி வரியோட உகரம் ஊகாரம் எல்லாம் காணாம போயிடும், தமிழ்ல அது போனா வார்த்தையே மாறிடும்.

இதை ஏஎஸ்எஸ் ஃபைலா சேவ் பண்ணிட்டு ஹேண்ட்ப்ரேக்கை திறங்க. வீடியோவை உள்ள இழுத்து போடுங்க. ப்ரீசெட்ல டிவைசஸ்னு ஒரு பிரிவு இருக்கும், அதுக்குள்ள ப்ளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் பேர்லயே ரெடிமேடா இருக்கும், அதை எடுத்துக்கிட்டா பாதி செட்டிங் முடிஞ்சுது. ஃபார்மட் எம்பி4. வீடியோ டேப்ல என்கோடர் ஹெச்.264, அதுல 10-பிட்னு போட்டதை தேர்ந்தெடுக்காதீங்க, பிஎஸ்3ல ஓடாது. அனிமே ஃபைல் நிறைய 10-பிட்ல தான் வருது, அதை அப்படியே எம்பி4க்குள்ள மாத்தி வச்சாலும் பிஎஸ்3 எடுக்காது, 8-பிட்டுக்கு என்கோட் பண்ணியே ஆகணும். ப்ரொஃபைல் ஹை, லெவல் பிஎஸ்3க்கும் எக்ஸ்பாக்ஸ் 360க்கும் 4.1, பிஎஸ்4க்கு 4.2 வரைக்கும் போலாம். ஃப்ரேம் ரேட் சேம் ஆஸ் சோர்ஸ், பக்கத்துல கான்ஸ்டன்ட்னு வைங்க, ஃபோன்ல எடுத்த வீடியோவுக்கு இது முக்கியம், ஃபோன் ஃப்ரேம் ரேட்டை ஏத்தி இறக்கி தான் பதிவு பண்ணும். ஆடியோ ஏஏசி, ஸ்டீரியோ. எக்ஸ்பாக்ஸ் 360க்கு ஸ்டீரியோவ தாண்டாதீங்க.

அப்புறம் சப்டைட்டில்ஸ் டேப். ஏற்கனவே உள்ள ஏதாவது ட்ராக் இருந்தா எடுத்துடுங்க, ட்ராக்ஸ்ல இம்போர்ட் சப்டைட்டில் குடுத்து நம்ம ஏஎஸ்எஸ் ஃபைலை காட்டுங்க, வந்த வரில பர்ன் இன் டிக் பண்ணுங்க. இந்த டிக் தான் முழு விஷயமே. இதை விட்டா எழுத்து தனி ட்ராக்கா உள்ள போகும், கம்ப்யூட்டர்ல தெரியும், கன்சோல்ல தெரியாது, ஆரம்பிச்ச இடத்துக்கே வந்து நிப்பீங்க.

முழு படத்தையும் ஒரேடியா போட்டு மணிக்கணக்கா காத்திருக்காதீங்க. மேல ரேஞ்ச்னு ஒண்ணு இருக்கு, அதை செகண்ட்ஸ்னு மாத்தி வசனம் நிறைய வர்ற ஒரு நிமிஷத்தை மட்டும் என்கோட் பண்ணுங்க. அந்த துண்டை பென்ட்ரைவ்ல போட்டு நேரா கன்சோல்ல, அதே டிவில, நீங்க வழக்கமா உக்கார்ற தூரத்துல உக்காந்து பாருங்க. மானிட்டர்ல பெருசா தெரியுற எழுத்து ஹால்ல பத்தாம போகும். கொம்பு சரியா நிக்குதா, கடைசி வரி வெட்டுப்படுதா, சவுண்டு வருதா, எல்லாம் ஓகேன்னா தான் முழுசா போடணும்.

குவாலிட்டிக்கு ஆர்எஃப் 20லேர்ந்து 22 வச்சா நல்லா இருக்கும், நம்பர் குறைய குறைய குவாலிட்டி கூடும், சைஸும் ஏறும். ஆனா பிஎஸ்3க்கு ஒரு சிக்கல் இருக்கு, அது ஃபேட்32ங்கிற முறையில ஃபார்மட் பண்ண பென்ட்ரைவ் மட்டும் தான் எடுக்கும், ஃபேட்32ல ஒரு ஃபைல் 4 ஜிபிய தாண்ட முடியாது. ஆர்எஃப்ல போனா சைஸ் முன்கூட்டியே தெரியாது, நம்ம ஊர் படம் ரெண்டரை மணி நேரம் ஓடும், தாண்டிடும். அதனால பிஎஸ்3க்கு ஆவரேஜ் பிட்ரேட் (செகண்டுக்கு எவ்ளோ டேட்டான்னு நாமளே குடுக்கிறது, கேபிபிஎஸ் கணக்குல) எடுத்துக்குங்க, மல்டி பாஸ் டிக் பண்ணிக்குங்க. ரெண்டு மணி நேர படத்துக்கு 4000, ரெண்டரை மணி நேரத்துக்கு 3400, மூணு மணி நேரத்துக்கு 2800, ஆடியோ 160 வச்சா எல்லாமே 4 ஜிபிக்குள்ள அடங்கிடும். 3 மணி நேரம் 2800ல 1080 கொஞ்சம் மங்குற மாதிரி இருந்தா 720க்கு இறக்கிடுங்க, எழுத்தும் படமும் அதுல இன்னும் சுத்தமா வரும்.

32 ஜிபிக்கு மேல உள்ள பென்ட்ரைவ்னா விண்டோஸோட வழக்கமான ஃபார்மட் விண்டோல ஃபேட்32 காட்டாம இருக்கலாம், ரூஃபஸ் மாதிரி டூல்ல பண்ணிக்கலாம். பிஎஸ்4 எக்ஸ்ஃபேட் எடுக்கும், அதுல 4 ஜிபி தொல்லை இல்ல, என்டிஎஃப்எஸ் மட்டும் வேணாம். ஃபைலை வெளிய அப்படியே போடாம ஒரு ஃபோல்டருக்குள்ள போடுங்க. கேம் வைக்க எக்ஸ்டெண்டட் ஸ்டோரேஜா ஃபார்மட் பண்ண ஹார்டு டிஸ்க்ல வீடியோ வைக்க முடியாது, தனி பென்ட்ரைவ் வச்சுக்குங்க.

பென்ட்ரைவ் மாத்தி மாத்தி சொருக அலுப்பா இருக்கு, கம்ப்யூட்டரும் கன்சோலும் ஒரே நெட்வொர்க்ல இருக்குன்னா யுனிவர்சல் மீடியா சர்வர் போட்டு பாருங்க, ஃப்ரீ தான். 2008ல பிஎஸ்3 மீடியா சர்வர்னு வந்ததுலேர்ந்து பிரிஞ்சு வளந்தது. வீடியோவும் எஸ்ஆர்டியும் ஒரே பேர்ல ஒரே ஃபோல்டர்ல இருந்தா போதும், பிஎஸ்3ல வீடியோ மெனுல சர்வர் பேர் தெரியும், ஓட ஓடவே எழுத்தை பர்ன் பண்ணி அனுப்பும். ட்ரான்ஸ்கோட்னு ஒரு ஃபோல்டர் தெரியும், அதுக்குள்ள போனா எந்த ஆடியோ எந்த சப்டைட்டில்னு தேர்ந்தெடுக்கலாம். தமிழுக்கு அதோட சப்டைட்டில் செட்டிங்ல தமிழ் ஃபான்ட்டை காட்டி விடணும். பிஎஸ்3ல வைஃபை பழைய ஜி வகை, எச்டி படம் திக்கும், லேன் கேபிள் போட்டுடுங்க. பழைய லேப்டாப்னா இந்த வழி ஒத்துவராது, ஓட ஓட என்கோட் பண்ண அதுக்கு தெம்பு பத்தாது, பேசாம ராத்திரி ஹேண்ட்ப்ரேக்ல போட்டுட்டு தூங்கிடுங்க.

பிஎஸ்4, பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் ஒன்/சீரீஸ் மூணுக்குமே ப்ளெக்ஸ் ஆப் இருக்கு, வேலை இதே மாதிரி தான். அதோட செட்டிங்ல பர்ன் சப்டைட்டில்ஸ்னு இருக்கிறதை ஆல்வேஸ்னு வச்சா தமிழ் எழுத்தை சர்வரே வரைஞ்சு அனுப்பிடும்.

எக்ஸ்பாக்ஸ் ஒன், சீரீஸ்காரங்களுக்கு. ஸ்டோர்லேர்ந்து விஎல்சி இறக்குங்க. பென்ட்ரைவ் என்டிஎஃப்எஸ்லயே இருக்கலாம். பெரிய ஹார்டு டிஸ்க் சொருகுனா கேமுக்கு ஃபார்மட் பண்ணவா, மீடியாவுக்கு வச்சுக்கவான்னு கேக்கும், கண்டிப்பா மீடியான்னு குடுங்க, ஃபார்மட் குடுத்தா உள்ள இருக்கிறது பூரா அழிஞ்சிடும். வீடியோவுக்கும் எஸ்ஆர்டிக்கும் ஒரே பேர் வைங்க, ஒரு ஸ்பேஸ் கூட மாறக்கூடாது. இங்கிலீஷ் சப்னா இதோட வேலை முடிஞ்சுது. தமிழ் சப் கட்டமா வந்துச்சுன்னா அங்க நோண்டிக்கிட்டு இருக்காம மேல சொன்ன ஏஎஸ்எஸ், ஹேண்ட்ப்ரேக் வழிக்கு வந்துடுங்க.

பிஎஸ்பி இன்னும் வச்சிருக்கிறவங்களுக்கும் அதே பர்ன் தான், ஆனா திரை 480க்கு 272 தான், 1080க்கு வச்ச எழுத்து அதுல எறும்பு மாதிரி ஆகிடும். ஏஎஸ்எஸ்ல அளவை 110 கிட்ட ஏத்துங்க, வசனத்தை இன்னும் சுருக்குங்க. வீடியோவை அந்த அளவுக்கே இறக்கி மெயின் ப்ரொஃபைல், லெவல் 3ல என்கோட் பண்ணி மெமரி ஸ்டிக்ல வீடியோங்கிற ஃபோல்டருக்குள்ள போடுங்க, ஃபோல்டர் பேர் இங்கிலீஷ்ல, எல்லாம் கேபிட்டல் எழுத்து.

எல்லாம் முடிஞ்சப்புறம் ஒரிஜினல் வீடியோவையும் ஏஎஸ்எஸ் ஃபைலையும் அழிக்காதீங்க. ஒரு எழுத்துப்பிழை கண்ணுல பட்டா பர்ன் பண்ண காப்பில திருத்த வழியே கிடையாது, ஒரிஜினல்லேர்ந்து தான் திரும்ப போடணும், பர்ன் பண்ணதையே எடுத்து மேல இன்னொரு தடவை போட்டா எழுத்து மேல எழுத்து ஏறி நிக்கும்.